இராமநாதனைப் பற்றிப் பிள்ளைகளிடம் எதைச் சொல்வது, எதை விடுவது?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் பாடசாலையில் வரலாறு படிப்பிக்கிறேன். அடுத்த மாதம் மாணவர் மன்றத்தில், பிரித்தானியர் காலத் தமிழ்த் தலைவர் சேர். பொன். இராமநாதனைப் பற்றி அரை மணி நேரம் பேசும்படி அதிபர் சொல்லியிருக்கிறார். "சிங்களத் தலைவர்கள் குதிரையை அவிழ்த்துவிட்டுத் தாங்களே அவருடைய வண்டியை இழுத்தார்கள், அதைக் கட்டாயம் சொல்லு" என்கிறார் அப்பா. என்னோடு படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியை ஒருவர், 1915ஆம் ஆண்டுச் சிங்கள-முஸ்லிம் கலவரத்தின்போது அவர் தங்களைக் கைவிட்டவர் என்கிறார். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியோ, "பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்று சொன்னவர்தானே, மிஸ்?" என்று கேட்டுவிட்டாள். மூன்றும் உண்மையா? நீங்கள் சட்டத்தரணி, சட்ட வரலாறும் எழுதுகிறவர் என்பதால் கேட்கிறேன். எதைச் சொல்வது, எதை விடுவது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றையும் சொல்லுங்கள். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று செய்திகளாகச் சொன்னால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள். முதலில் பெரிய மனிதராகத் தெரிவார், அப்புறம் பிழையானவராகத் தெரிவார், கடைசியில் "அந்தக் காலம் அப்படி" என்று முடிந்துவிடும். மூன்றுக்கும் அடியில் ஒரே நம்பிக்கை இருந்தது என்பதே என் எண்ணம். படித்த, தகுதியுள்ள ஒருவர் மற்றவர்களுக்காகப் பேசலாம். அதற்கு அந்த மற்றவர்களின் சம்மதத்தைக் கேட்கத் தேவையில்லை என்பதுதான் அந்த நம்பிக்கை. அவர் செய்த மிகப் பெரிய நன்மையும் மிகப் பெரிய பிழையும் அதிலிருந்துதான் வந்தன. உங்கள் அரை மணி நேரத்தையும் இதையே நடுவில் வைத்து அமைக்கலாம்.

சட்டத்தொழிலில் இருக்கிறவன் என்பதால் எங்கள் உதாரணத்தையே சொல்கிறேன். கட்சிக்காரர் பிறாக்சியில், அதாவது தனக்காக வழக்காட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகுதான் சட்டத்தரணி அவருக்காக வழக்கை நடத்தலாம். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கையெழுத்து வேண்டும். கட்சிக்காரருக்குப் பிடிக்கவில்லையென்றால் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். நீதிமன்றத்தில் இந்த விதியை இராமநாதன் நன்றாக அறிந்தவர். அரசியலிலும் இது வேண்டும் என்பதை அவர் கடைசிவரை ஏற்றுக்கொள்ளவில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று பார்க்கவேண்டும். 1833இல் அமைந்த இலங்கைச் சட்டநிரூபண சபையில் உத்தியோகப்பற்றற்ற, அதாவது அரச அதிகாரிகள் அல்லாத, உறுப்பினர் ஆறு பேர்தான்: ஐரோப்பியர் மூவர், பறங்கியர் ஒருவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர். எல்லோரையும் தேசாதிபதியே நியமித்தார். தமிழருக்கென்று இருந்த அந்த ஒரு நாற்காலியில் முதலில் அமர்ந்தவர் இராமநாதனின் தாய்வழிப் பாட்டனார் குமாரசாமி முதலியார். 1862 முதல் 1879இல் இறக்கும்வரை அதில் இருந்தவர் தாய்மாமன் சேர். முத்துக்குமாரசாமி. இங்கிலாந்தில் பாரிஸ்டரானவர், கலாயோகி ஆனந்த குமாரசாமியின் தந்தை. மாமன் இறந்ததும் மருமகன் இராமநாதன் வந்தார். அவர் விட்டுப்போன பிறகு 1893இல் அண்ணன் குமாரசாமி வந்தார். ஒரு குடும்பத்தின் ஆதனம்போல நாற்காலி கைமாறியிருக்கிறது. தேர்தல் இல்லாத சபையில் இது யாருக்கும் வியப்பாக இருக்கவில்லை.

1879இல் போட்டியே இல்லாமல் போகவில்லை. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்ற அப்புக்காத்தின் (வழக்கறிஞரின்) பெயரும் அடிபட்டது. அப்போது இராமநாதனுக்காகக் கூட்டம் கூட்டி ஆதரவு திரட்டியவர் ஆறுமுக நாவலர். அதே ஆண்டு டிசம்பரில் நாவலர் காலமானார். சைவத்தமிழ்ச் சமூகம் தனக்கொரு குரல் வேண்டும் என்று கேட்டதும், அந்தக் குரல் யாருடையது என்பதை ஊர்ப் பெரியவர்கள் சிலர் தீர்மானித்ததும் இந்த ஒரே சம்பவத்தில் தெரிகின்றன. உரையில் இதற்கு ஓரிரு நிமிடம் கொடுங்கள்.

அவருடைய ஆரம்ப வாழ்க்கையை வேகமாகக் கடந்துவிடலாம். 1851 ஏப்ரல் 16இல் கொழும்பில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். திரும்பி வந்து சேர். ரிச்சர்ட் மோர்கனிடம் சட்டம் பயின்று அப்புக்காத்தானார். தம்பி அருணாசலம் போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கை சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையர். இராமநாதனின் சட்டப் பணியில் மேடையில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு, அதை நான் சொல்லியே ஆகவேண்டும். பழைய தீர்ப்புகள் சிதறிக் கிடந்த காலத்தில் அவற்றைத் தேடித் தொகுத்து அச்சிட்டவர் அவர். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதித் தீர்ப்பொன்றைத் தேடும்போது இன்றைக்கும் நாங்கள் எடுப்பது "இராமநாதன் அறிக்கைகள்" என்ற தொகுதிகளைத்தான். கைதட்டல் கிடைக்காத, கண்ணைக் கெடுக்கும் வேலை. ஒரு நாட்டின் நீதிமன்றங்கள் முன்பு என்ன சொன்னன என்று தெரியாவிட்டால் இன்றைய நீதிபதி எதைப் பின்பற்றுவார்? அந்த உழைப்புக்கு என் தொழிலே கடமைப்பட்டிருக்கிறது.

1892 முதல் 1906 வரை அவர் சொலிசிட்டர் ஜெனரல், அதாவது அரசின் வழக்கறிஞர். தஞ்சாவூர்க் குருவின் வழிகாட்டலில் சைவ சித்தாந்தத்தில் ஆழ்ந்ததும், பைபிளின் மத்தேயு, யோவான் நூல்களுக்கு ஆங்கிலத்தில் உரை எழுதியதும், அமெரிக்காவில் விரிவுரை செய்ததும் இந்தக் காலத்திலும் இதை ஒட்டியும் நடந்தவை. கொச்சிக்கடையில் தந்தையார் அமைத்த பொன்னம்பலவாணேசர் கோயிலை 1907 முதல் கருங்கல்லால் திருப்பிக் கட்டினார். 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்கு இராமநாதன் கல்லூரி. 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரி. இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் நிற்பது அந்த நிலத்தில்தான். இவை பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் பெண்கள் கல்லூரியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1911க்கு வருவோம். அப்போதைய சீர்திருத்தம் "படித்த இலங்கையர்" என்று ஒரே ஒரு தொகுதியை உருவாக்கியது. முழுத் தீவுக்கும் சேர்த்து வாக்காளர் ஏறக்குறைய 3,000 பேர்தான். இராமநாதன் டொக்டர் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்தார். "அந்தக் காலத்தில் சிங்களவர்களே ஒரு தமிழரைத் தெரிந்தெடுத்தார்கள், அப்படி ஒற்றுமை" என்று மேடைகளில் பேசுவார்கள். அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டாம். பெர்னாண்டோ சிங்களவரில் கராவ சாதியைச் சேர்ந்தவர். கராவ சமூகத்தவர் ஒருவர் அந்த இடத்துக்கு வருவதைவிட ஒரு தமிழ் வேளாளர் வருவது மேல் என்று சிங்கள வேளாளரான கொவிகம மேட்டுக்குடியினர் பலர் நினைத்தார்கள் என்பதை வரலாற்றாசிரியர்கள் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இனம் தாண்டி வாக்குப் போட்டது உண்மை. சாதியைத் தாண்டவில்லை என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இனி 1915. இதற்கு உங்கள் நேரத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒதுக்குங்கள்.

பின்னணியில் கம்பளைப் பெரஹரா (பௌத்த ஊர்வலம்) வழக்கு இருக்கிறது. பள்ளிவாசலைத் தாண்டிப் போகும்போது மேளம் அடிக்கலாமா என்பது பிரச்சினை. மாவட்ட நீதிமன்றம் பௌத்த தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1915 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. மே மாதக் கடைசியில், வெசாக் நாட்களில், கண்டியில் தொடங்கிய மோதல் மேற்கிலும் தெற்கிலும் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளுமாக 4,000க்கு மேல் சூறையாடப்பட்டன. பள்ளிவாசல்கள் எரிந்தன, மனிதர்கள் கொல்லப்பட்டார்கள். முதலில் அசையாமல் இருந்த அரசு ஜூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிறப்பித்து ஆகஸ்ட் 30 வரை அதை நீடித்தது. கலவரம் ஒரு கிழமைக்குள் அடங்கிய பிறகும் இராணுவ நீதிமன்றங்கள் தொடர்ந்து தண்டனை விதித்தன. விசாரணை இல்லாமலே ஆட்களைச் சுட்ட சம்பவங்களும் உண்டு. ஹென்றி பேத்ரிஸ் என்ற இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். டி. எஸ். சேனநாயக்கா, எப். ஆர். சேனநாயக்கா, டி. பி. ஜயதிலக்கா முதலான மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அநகாரிக தர்மபாலவின் தம்பி எட்மண்ட் ஹேவாவிதாரண யாழ்ப்பாணச் சிறையிலேயே நோயில் இறந்தார். உங்கள் ஊரில் நடந்தது என்பதால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டுப் பார்த்தார்கள், கைகூடவில்லை. யுத்த காலம் வேறு. அந்த நேரத்தில் 64 வயதான இராமநாதன் சட்டநிரூபண சபையில் எழுந்து, தேசாதிபதி சால்மர்ஸின் அரசை அதன் முகத்துக்கு நேரே விசாரித்தார். அவருடைய வாதத்தின் எலும்புக்கூடு இதுதான்: தொடக்கத்தில் பொலிஸ் அசட்டையாக இருந்தது, பிறகு அரசு அளவுமீறியது, சிவில் நீதிமன்றங்கள் திறந்திருக்கும்போது, அமைதி திரும்பிய பிறகும் பொதுமக்களை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்துவதற்குச் சட்டத்தில் இடமில்லை, கலவரத்தில் பங்கெடுக்காத சிங்களவரிடமும் சேர்த்து நட்டஈடு அறவிடுவது நீதியல்ல. பேச்சோடு நிற்காமல் லண்டன் வரை போனார். 1916இல் அங்கே இந்தப் பேச்சுகளும் ஆவணங்களும் புத்தகமாக வந்தன. சால்மர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்து வந்த ஜோன் அண்டர்சன் சுட்டுக்கொலைகளை விசாரிக்க ஆணைக்குழு ஒன்றை அமைத்தார்.

ஒரு சட்டத்தரணியாகச் சொல்கிறேன், இது மகத்தான வேலை. தன் சமூகம் பாதிக்கப்படவில்லை. பேசாமல் இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பல ஆண்டுகள் சொலிசிட்டர் ஜெனரலாக அரசுக்காக வழக்காடிய ஒருவர், அதே அரசைப் பார்த்து "நீ உன் சட்டத்தையே மீறினாய்" என்று கேட்கத் துணிந்தார். இதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தவேண்டாம், மனதாரப் புகழுங்கள்.

அப்பா சொல்கிற வண்டிக் கதையும் இந்த இடத்தில்தான் வரும். லண்டனிலிருந்து திரும்பிய இராமநாதனை, குதிரைகளை அவிழ்த்துவிட்டுச் சிங்களப் பிரமுகர்களே இழுத்துப் போனார்கள் என்பது வழிவழியாகப் பேசப்படுவது. சொல்லுங்கள். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தக் கதையைச் சொல்லும்போது "இவ்வளவு செய்தோம், பிறகு எங்களுக்கு என்ன செய்தார்கள்" என்ற கசப்பும் சேர்ந்தே வரும். அந்தக் கசப்புக்குக் காரணங்கள் உண்டு, அது வேறொரு நாளைக்கான பாடம். இராமநாதன் பிரதியுபகாரம் எதிர்பார்த்து வாதாடவில்லை. அப்படி ஒரு கணக்கை அவர் தலையில் ஏற்றினால் அவர் செய்தது சிறுத்துப்போகும்.

இப்போது உங்கள் சக ஆசிரியை சொல்வது. 1915இல் கடையும் உயிரும் இழந்தவர்கள் முஸ்லிம்கள். பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள். இராமநாதனின் வாதத்தில் அரசின் கொடுமை விரிவாக வருகிறது. அவர்களுடைய இழப்பு மங்கித் தெரிகிறது. தன் கட்சிக்காரருக்காகப் பேசும் அப்புக்காத்து மறுதரப்பின் துன்பத்தை விரித்துப் பேசமாட்டார் என்று நீங்கள் சொல்லலாம். நீதிமன்றத்தில் அது சரி. ஆனால் அவர் நின்றது சட்டநிரூபண சபையில். அங்கே அவர் "படித்த இலங்கையர்" எல்லோருக்குமான உறுப்பினர், முஸ்லிம்களுக்கும் சேர்த்து. எரிந்த கடைக்காரருக்காகவும் அவர் அதே நெருப்போடு பேசியிருக்கலாம், அதனால் இராணுவச் சட்டத்துக்கு எதிரான வாதம் ஒரு துளியும் பலவீனப்பட்டிருக்காது. அந்தக் குறையை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

முஸ்லிம்களின் வருத்தத்துக்கு அதைவிடப் பழைய வேரும் உண்டு. 1885இல் சபையில் பேசும்போதும், 1888இல் அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் எழுதியபோதும், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று வாதிட்டார். மொழி, பழக்கவழக்கம், உருவ அமைப்பு என்று சான்றுகளை அடுக்கினார். சோனகருக்குச் சபையில் தனி ஆசனம் கேட்கப்பட்ட காலம் அது. 1889இல் எம். சி. அப்துல் ரகுமான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். இராமநாதனுக்கு மறுப்பாக ஐ. எல். எம். அப்துல் அசீஸ் 1907இல் நூல் எழுதினார். நாம் யார் என்பதை நாமே சொல்வோம் என்று அந்தச் சமூகம் கேட்டது. இராமநாதன் அதைக் கேட்கவில்லை. "உங்களைப் பற்றி நான் சொல்கிறேன்" என்றார். நான் தொடக்கத்தில் சொன்ன நம்பிக்கை இங்கே முழு உருவத்தில் நிற்கிறது. உரைக்கு முன் உங்கள் சக ஆசிரியையிடம் இந்தப் பகுதியைக் காட்டி அபிப்பிராயம் கேளுங்கள். அவர் ஒத்துக்கொண்டால் இந்தப் பத்து நிமிடத்தை அவரே பேசட்டும்.

கடைசியாக, உங்கள் மாணவியின் கேள்வி. 1927 நவம்பரில், இலங்கையின் ஆட்சிமுறையை எப்படி மாற்றலாம் என்று ஆராய பிரித்தானிய அரசு அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு வந்தபோது இலங்கையில் நூற்றுக்கு நாலு பேருக்குத்தான் வாக்கு இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்து ஆணைக்குழு முன் சாட்சியம் சொன்னது. ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கம் எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்றது. ஆணைக்குழு சர்வஜன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தது. இராமநாதன் எதிர்த்தார். 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை 19க்கு 17 என்ற வாக்குகளில் டொனமூர் திட்டத்தை ஏற்றது. எண்பதை நெருங்கிய வயதில் திரும்பவும் லண்டன் போய் இராமநாதன் மகஜர் கொடுத்தார், பலிக்கவில்லை. 1930 நவம்பர் 26இல் காலமானார். அடுத்த ஆண்டு ஜூனில் 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களித்தார்கள்.

அவருடைய எதிர்ப்பில் இரண்டு இழைகள் பின்னிக் கிடக்கின்றன, அவற்றைப் பிரித்துக் காட்டுவதுதான் ஆசிரியரின் வேலை. ஒன்று, சிறுபான்மையினரின் பயம். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கிவிட்டு வெறும் எண்ணிக்கையை வைத்து ஆட்சி அமைத்தால் தமிழருக்குப் பாதுகாப்பு எங்கே என்பது அவர் எழுப்பிய கேள்வி. நியாயமான கேள்வி, நாங்கள் இன்றுவரை கேட்டுக்கொண்டிருப்பது. மற்றது, ஏழைகளுக்கும், ஒடுக்கப்பட்ட சாதியினருக்கும், பெண்களுக்கும் வாக்குக் கொடுக்கக்கூடாது என்ற நிலைப்பாடு. அதற்கு நியாயம் கிடையாது. எங்கள் மேடைகளில் முதலாவதை விரித்துச் சொல்லி அதற்குப் பின்னால் இரண்டாவதை மறைத்துவிடுவது வழக்கம். நீங்கள் மறைக்காதீர்கள். சிறுபான்மைக்குப் பாதுகாப்பு கேட்பதற்குப் பெண்ணின் வாக்கை மறுக்கவேண்டிய அவசியம் எதுவும் இருக்கவில்லை.

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்" என்ற பதிலும் எடுபடாது. அதே யாழ்ப்பாணத்தில், 1920களின் நடுப்பகுதியில், ஹண்டி பேரின்பநாயகமும் நண்பர்களும் தொடங்கிய இளைஞர் காங்கிரஸ் சாதிக் கொடுமைக்கு எதிராக நின்றது. காந்தி 1927இல் யாழ்ப்பாணம் வந்தது அவர்கள் அழைத்துத்தான். 1932இல் நேசம் சரவணமுத்து என்ற தமிழ்ப் பெண் கொழும்பு வடக்கில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். பெண்களால் முடியாது என்ற வாதம் இராமநாதன் மறைந்து இரண்டு வருடத்துக்குள் உடைந்தது.

மருதனார்மடத்தில் பெண்களுக்குக் கல்லூரி கட்டியவர் ஏன் பெண்களுக்கு வாக்கு வேண்டாம் என்றார்? உங்கள் மாணவி அடுத்துக் கேட்கப்போவது இதுதான். எனக்குத் தெரிவது, படிப்பை அவர் பெண்ணை நல்ல இல்லத்தரசியாக, நல்ல சைவப் பெண்ணாக ஆக்குவதற்கான வழியாகப் பார்த்தார். ஆட்சியில் பங்கு கேட்பதற்கான தகுதியாகப் பார்க்கவில்லை. அவளுக்காகப் பேச அப்பாவும் கணவனும் இருக்கிறார்கள், தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்காகப் பேச முதலாளி இருக்கிறார், ஊருக்காகப் பேச இராமநாதன் இருக்கிறார். 1915இல் அவர் காப்பாற்ற முயன்ற சிங்களக் கிராமத்து விவசாயிக்கே, 1928இல் வாக்கு வேண்டாம் என்றார். அவர் பார்வையில் இதில் முரண்பாடு இல்லை. அந்த விவசாயி காப்பாற்றப்பட வேண்டியவர். தீர்மானிக்க வேண்டியவர் அல்ல.

நடைமுறைக்கு ஒன்றிரண்டு. அவருடைய 1915ஆம் ஆண்டுப் பேச்சுகளைச் சபைப் பேச்சுகளின் பதிவான பழைய ஹன்சாட்டிலோ 1916ஆம் ஆண்டுப் புத்தகத்திலோ நேரடியாகப் படியுங்கள். இராணுவச் சட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியை நீங்களே மொழிபெயர்த்துப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவருடைய ஆங்கிலம் நீண்டது, ஆனால் தர்க்கம் கயிறுபோல நேராகப் போகும். மேற்கோள் என்ற பெயரில் அவர் வாயில் ஏற்றப்பட்ட வாசகங்கள் நிறைய உலவுகின்றன. ஹன்சாட்டில் காணாததை மேடையில் சொல்லவேண்டாம்.

அதிபர் இதை விரும்புவாரா என்ற தயக்கம் உங்களுக்கு இருக்கலாம். உரையின் குறிப்பை முன்கூட்டியே அவரிடம் கொடுங்கள், மேடையில் வைத்துத் திடுக்கிட வைக்கவேண்டாம். வாக்குரிமைப் பகுதியை எடுத்துவிடு என்று அவர் சொன்னால், கேள்வியை எழுப்பியது ஒரு மாணவி, பதில் சொல்லாமல் விட்டால் அவள் வேறெங்காவது அரைகுறையாகக் கேட்டுக்கொள்வாள் என்று சொல்லிப் பாருங்கள். 25 நிமிடத்தில் பேச்சை முடித்து மிச்ச நேரத்தைப் பிள்ளைகளிடம் விடுங்கள். முதல் கேள்வியை அந்த மாணவியே கேட்கட்டும்.